94 இல்லை, 43

சூரிச்,
பிப்ரவரி 11

அன்புள்ள அப்பாவுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் கைபேசிக்கும் அம்மாவின் கைபேசிக்கும் வந்த செய்தியை நான் அனுப்பவில்லை. என் கைபேசி தானாகவே அனுப்பியது. "கடுமையான விபத்து நேர்ந்திருக்கலாம்" என்று அது உங்களிடம் முறையிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் நான் பனிச்சறுக்கில் விழுந்து, பனியில் மல்லாந்து கிடந்து சிரித்துக்கொண்டிருந்தேன். அந்த அரை மணி நேரம் வீடு எப்படி இருந்திருக்கும் என்பது அம்மாவின் குரலிலேயே தெரிந்துவிட்டது. போனில் "ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை" என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. அம்மாவுக்கு அது போதும். உங்களுக்குப் போதாது. என்ன நடந்தது, ஏன் நடந்தது என்று வரிசையாகச் சொல்லாதவரை நீங்கள் விடமாட்டீர்கள். அதனால்தான் இந்தக் கடிதம். இதில் இன்னொரு குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது, அது பிறகு.

இங்கே வந்த முதல் குளிர்காலத்தை ஜன்னலுக்குப் பின்னாலேயே கழித்தேன். டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும். பகலிலும் நகரத்தின் மேல் நாள்கணக்கில் மூடுபனி கவிந்திருக்கும். சூரியன் எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரியாது. ஆனால் திங்கட்கிழமை காலையில் அலுவலகத்துக்கு வரும் சிலருடைய முகம் மட்டும் வெயிலில் கன்றிப்போய், கண்ணாடி மறைத்த இடம் வெளுப்பாக இருக்கும். எங்கிருந்து கிடைக்கிறது இவர்களுக்கு வெயில் என்று கேட்டேன். மூடுபனி பள்ளத்தாக்கில்தான் தேங்கி நிற்கிறதாம். மலையில் ஏறினால் அது காலுக்குக் கீழே வெள்ளைக் கடலாகக் கிடக்கும், மேலே நீல வானம் என்றார்கள். இரண்டாவது குளிர்காலத்தில் நானும் ஏறினேன்.

சூரிச்சிலிருந்து ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் போனால் உன்டர்டெர்சன். ரயில் நிலையத்தை ஒட்டியே கோண்டோலா, கம்பிவடத்தில் தொங்கி மலையேறும் பெட்டி. வாலென்சே ஏரியைக் கீழே விட்டுவிட்டு மேலே ஏறினால் ஃப்ளூம்சர்பெர்க் சறுக்குத்தலம். ஏரிக்கு எதிர்க்கரையில் குர்ஃபிர்ஸ்டன் மலைகள் ரம்பப் பற்களைப் போல வரிசையாக நிற்கின்றன. இங்கே சறுக்குப் பாதைகளுக்கு நிறம் கொடுத்திருக்கிறார்கள்: நீலம் எளிது, சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம். நான் நீலக் கட்சி. எப்போதாவது சிவப்பில் இறங்குவேன், இறங்கி முடித்ததும் ஏன் இறங்கினேன் என்று யோசிப்பேன்.

என்னைக் கூட்டிப்போனவள் என் அலுவலகத் தோழி. நான் இரு கால்களிலும் தனித்தனியாக ஸ்கீ என்ற நீளச் சறுக்குப் பலகை மாட்டுகிறவள். அவள் இரண்டு கால்களையும் ஒரே பலகையில் கட்டிக்கொண்டு பக்கவாட்டில் நின்று இறங்கும் ஸ்னோபோர்டுக்காரி. முதல் நாளே என் கைபேசியை வாங்கி ஒரு செயலியை ஏற்றிக் கொடுத்தாள். "இதை ஓடவிட்டுச் சட்டைப்பையில் போட்டுவிடு, மாலையில் பார்" என்றாள். மாலையில் பார்த்தேன். எத்தனை முறை இறங்கினேன், எவ்வளவு தூரம், எவ்வளவு உயரம், அதிகபட்ச வேகம், மேலே ஏற்றிச்செல்லும் கம்பிவட லிஃப்டில் உட்கார்ந்திருந்த நேரம், எல்லாம் இருந்தது. நான் வந்த வழி வரைபடத்தில் நூலைச் சிக்கலாக்கிப் போட்டதுபோல் கிடந்தது. பெட்ரோல் போடும்போதெல்லாம் ஸ்கூட்டரின் கிலோமீட்டரை நோட்டில் எழுதிவைக்கிறவருக்குப் பிறந்தவள் நான்; அன்றிரவு தூங்கப் போனபோது மணி பன்னிரண்டு.

முதலில் உங்கள் கேள்வி: சிம் சிக்னல் இல்லாத மலையில் இது எப்படி வேலை செய்கிறது? இடத்தைக் கண்டுபிடிக்கச் சிக்னல் தேவையில்லை அப்பா. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிக்கொண்டே நேரத்தைச் சொல்லிக்கொண்டிருக்கின்றன. குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் குரல் கேட்டால் போதும். கைபேசி தன் இடத்தைக் கணக்கிட்டுக்கொள்ளும். கேட்பது மட்டும்தான் அதன் வேலை, திருப்பிப் பேசுவதில்லை. வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டால் இணையமே வேண்டாம். ஏறுகிறாளா இறங்குகிறாளா என்பதையும் அதுவே ஊகித்துவிடுகிறது. நேர்கோட்டில், ஒரே சீரான வேகத்தில் உயரம் கூடிக்கொண்டே போனால் லிஃப்ட். வேகம் கூடிக் குறைந்து, வழி வளைந்து நெளிந்து உயரம் இறங்கினால் சறுக்கு.

இப்போது அந்தக் குற்றம். போன மாதம் "இன்று மணிக்கு 94 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கினேன்" என்று உங்களுக்குச் செய்தி அனுப்பினேன் அல்லவா? நீங்கள் "எந்த மீட்டர்?" என்று இரண்டே சொற்களில் பதில் போட்டீர்கள். எனக்குக் கோபம் வந்தது. இப்போது இல்லை. அது பொய் எண், அப்பா. நானாகச் சொன்ன பொய் அல்ல, ஆனால் கேள்வி கேட்காமல் நம்பியதும் பெருமையடித்ததும் நான்தான்.

எப்படி வந்தது தெரியுமா? செயலி நொடிக்கொரு முறை என் இடத்தைக் குறித்துக்கொள்கிறது. பாறைச் சுவருக்குப் பக்கத்திலோ லிஃப்ட் நிலையத்தின் இரும்புக் கூரைக்கு அடியிலோ வரும்போது செயற்கைக்கோளின் அலை நேராக வராமல் எதிலாவது மோதித் திரும்பி வருகிறது. அந்த ஒரு நொடியில் கைபேசி என்னை 15 மீட்டர் தள்ளி வைத்துக் கணக்குப் போட்டால் போதும்: நொடிக்கு 15 மீட்டர் என்றால் மணிக்கு 54 கிலோமீட்டர். நான் சும்மா நின்றிருந்தாலே அவ்வளவு வேகம் வந்துவிடும்! அன்றைய பதிவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 94 வந்த இடம் லிஃப்ட் நிலையத்தின் வாசல். அங்கே நான் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். அந்த ஒரு புள்ளியை நீக்கினால் அன்றைய உண்மையான உச்சம் 43.

43 கிலோமீட்டரும் எனக்குப் பெரிதுதான். உங்கள் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போன வேகம் அது. இங்கே பிரேக் என்பது என் முட்டிதான். மெய்யான வேகத்தை இப்படிக் கைபேசியில் அளப்பதில்லை. பிரான்ஸின் வார்ஸ் மலையில் 2023இல் சைமன் பில்லி மணிக்கு 255.5 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கி உலக சாதனை செய்தார். அங்கே 100 மீட்டர் நீளத்தைக் குறித்துவைத்து, அதைக் கடக்க எடுத்த நேரத்தை அளக்கிறார்கள். அவருக்கு ஆனது ஒன்றரை நொடிக்கும் குறைவு. இதே ஸ்விட்சர்லாந்தில் வெங்கன் ஊரில் நடக்கும் லௌபர்ஹார்ன் பந்தயத்தில் 2013இல் ஜோஹான் கிளேரி மணிக்கு 161.9 கிலோமீட்டர் தொட்டார். நீங்கள் கேட்ட "எந்த மீட்டர்?" என்ற கேள்விக்கு அவர்களிடம் பதில் இருக்கிறது.

உயரத்தின் கதை இன்னும் வேடிக்கை. ஜிபிஎஸ்ஸுக்குப் பக்கவாட்டை விட மேல்கீழ்தான் அதிகம் தடுமாறும். ஆகவே கைபேசிக்குள் இருக்கும் சின்னக் காற்றழுத்தமானியின் உதவியைச் செயலி எடுத்துக்கொள்கிறது. மேலே போகப் போக அழுத்தம் குறையும். இந்த மலை உயரத்தில் அழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் (அதுதான் அழுத்தத்தின் அலகு) குறைந்தால் ஏறக்குறைய 10 மீட்டர் ஏறியதாகக் கணக்கு. காலையில் நான் பூட்ஸ் மாட்டிய பெஞ்சின் உயரம் 1,400 மீட்டர் என்று காட்டியது. மாலையில் அதே பெஞ்சில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினேன், 1,430! பெஞ்சு வளர்ந்துவிட்டதே என்று தோழியிடம் காட்டினேன். அவள் திரையைப் பார்க்கவில்லை, வானத்தைப் பார்த்தாள். "அழுத்தம் இறங்குகிறது, இரவு பனி பெய்யும்" என்றாள். பெய்தது. உயரத்தைத் தப்பாகச் சொன்ன கருவி வானிலையைச் சரியாகச் சொல்லிவிட்டது.

உங்கள் நோட்டுக்காக ஒரு நாள் கணக்கு தருகிறேன். பதிவு ஓடியது 5 மணி 40 நிமிடம். இறங்கியது 11 முறை, 24 கிலோமீட்டர், மொத்த இறக்கம் 4,300 மீட்டர். இவ்வளவுக்கும் உண்மையில் சறுக்கிய நேரம் 1 மணி 10 நிமிடம் மட்டுமே. மீதியெல்லாம் லிஃப்ட், வரிசை, இளைப்பாறல், விழுந்து கிடந்தது. நாள் முழுக்கச் சறுக்கினேன் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தோழியின் கணக்கு என்னுடையதோடு ஒத்துப்போவதே இல்லை. லிஃப்டிலிருந்து இறங்கியதும் ஸ்னோபோர்டுக்காரர்கள் பனியில் உட்கார்ந்து பின்காலைக் கட்டுவார்கள்; அது ஓய்வுக் கணக்கில் சேர்கிறது. அவளுக்கு வேகத்தைவிடத் தாவலில்தான் ஆசை. அந்தரத்தில் இருக்கும்போது கைபேசியில் அசைவை உணரும் முடுக்கமானி ஏறக்குறைய சுழியம் காட்டும், தரையைத் தொட்டதும் துள்ளும். நடுவே இருந்ததுதான் காற்றில் மிதந்த நேரம். 0.9 நொடி வந்த நாளில் எல்லோருக்கும் காட்டினாள். கைபேசி சட்டைப்பையில் குலுங்கியதும் அதில் சேர்ந்திருக்கும் என்று நான் சொன்னேன். ஒரு வாரம் பேசவில்லை.

ஆனால் இத்தனை எண்களும் என் சறுக்கலை ஒரு துளியும் திருத்தவில்லை. திருப்பங்களை ஜிபிஎஸ்ஸால் பார்க்க முடிவதில்லை. மணிக்கு 40 கிலோமீட்டரில் போனால் ஒரு நொடிக்கு 11 மீட்டர். சின்னத் திருப்பம் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே நடந்து முடிந்துவிடும். பூட்ஸுக்குள் அழுத்த உணரிகள் வைத்து, பாதத்தின் எந்தப் பக்கம் எடை விழுகிறது என்று காதில் சொல்லும் கருவிகள் இருக்கின்றன. சறுக்கு வகுப்பில் ஒருவர் கொடுத்ததை ஒரு நாள் காலையில் மட்டும் போட்டுப் பார்த்தேன். அதைவிட எனக்கு உதவியது பயிற்றுநர் தன் கைபேசியில் எடுத்த மெதுவோட்டக் காணொளி. நொடிக்கு 240 படங்கள். வலப்பக்கம் திரும்பும்போது அழகாகத்தான் இருக்கிறேன். இடப்பக்கம் திரும்பும் ஒவ்வொரு முறையும் உடம்பு பின்னால் சாய்கிறது, வலது கை எதையோ பிடிக்கப் போவதுபோல் மேலே போகிறது. "எதைப் பிடிக்கிறீர்கள்?" என்று அவர் கேட்டார். ஸ்கூட்டரின் பின் கம்பியை என்று சொல்ல நினைத்தேன், ஜெர்மனில் வரவில்லை. இப்போது மாலையில் வேகத்தைப் பார்ப்பதில்லை, இடப்பக்கத் திருப்பத்தை மட்டும் பார்க்கிறேன். செயலியின் தரவரிசைப் பட்டியலையும் அணைத்துவிட்டேன். யாரோ முன்பின் தெரியாத ஒருவரை முந்துவதற்காகக் கூட்டமான பாதையில் அம்புபோல் பாய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கீழே இருப்பவருக்கு ஆபத்து வராமல் வழியைத் தேர்ந்தெடுப்பது மேலிருந்து வருகிறவரின் பொறுப்பு என்பது எல்லாச் சறுக்குத்தலங்களுக்கும் பொதுவான விதி. அதற்குச் செயலியில் மதிப்பெண் கிடையாது.

சரி, ஞாயிற்றுக்கிழமை. அந்த இடப்பக்கத் திருப்பத்தில்தான் விழுந்தேன். பாதையோரத்து மெத்துப்பனியில் ஸ்கீயின் முனை குத்தி, ஓடிக்கொண்டிருந்தவள் ஒரே கணத்தில் நின்றுவிட்டேன். உடம்புக்கு அது தலையணை. கைபேசிக்கு அது மோதல். வேகம் சட்டென்று சுழியம் ஆவது, பெரிய அதிர்ச்சி, பிறகு அசைவின்மை: கார் விபத்துக்கும் அதே அடையாளம்தான். கைபேசி அலறி, சில நொடி காத்திருந்து, "நலமா" என்று கேட்டது. உள்பையில் கிடந்தது, தலையில் ஹெல்மெட், கையில் தடித்த கையுறை, எனக்குக் கேட்கவில்லை. பதில் வராததால் அவசர எண்ணை அழைத்துவிட்டு, உங்கள் இருவருக்கும் என் இடத்தோடு செய்தி அனுப்பியது. மீட்பு மையத்திலிருந்து திருப்பி அழைத்த பெண்மணியிடம் கூனிக் குறுகி மன்னிப்புக் கேட்டேன். அவர் பொறுமையாக, "வசதியை அணைத்துவிடாதீர்கள், கேட்கும் இடத்தில் வையுங்கள்" என்றார். இது எனக்கு மட்டும் நேர்ந்ததல்ல. 2022-23 குளிர்காலத்தில் அமெரிக்காவின் கொலராடோ மலைப்பகுதிகளில் அவசர உதவி மையங்களுக்கு இப்படிச் சறுக்குகிறவர்களின் பைகளிலிருந்து பொய் அழைப்புகள் குவிந்தன.

அணைக்கவில்லை. கைக்கடிகாரத்தை அதோடு இணைத்திருக்கிறேன். இனி மணிக்கட்டில் அதிரும். கைபேசி உள்பையிலேயே இருக்கும், ஏனென்றால் குளிரில் மின்கலம் மயங்கிவிடுகிறது. வெளிப்பையில் வைத்திருந்த ஒரு நாள் 30 சதவீதம் காட்டிக்கொண்டிருக்கும்போதே அணைந்துபோனது. அறைக்குள் கொண்டுவந்து சூடேறியதும் உயிர்த்தெழுந்தது. உறைநிலைக்குக் கீழே சார்ஜ் மட்டும் போடக்கூடாது, உள்ளே நிரந்தரமாகக் கெட்டுவிடும்.

அம்மாவுக்குப் பனிச்சரிவு பயம் என்று தெரியும். நான் குறியிட்ட பாதையை விட்டு வெளியே போவதில்லை. டாவோஸில் உள்ள ஆய்வு நிறுவனம் குளிர்காலத்தில் மாலை 5 மணிக்கும் காலை 8 மணிக்கும் அறிக்கை வெளியிடுகிறது, 1 முதல் 5 வரை ஆபத்து அளவு. ரயிலில் போகும்போதே பார்த்துவிடுகிறேன். வெளியே போகிற தோழி, பனிச்சரிவில் புதைந்தவரைக் கண்டுபிடிக்க 457 கிலோஹெர்ட்ஸில் அலை அனுப்பும் தேடற்கருவியை மார்பில் கட்டிக்கொள்கிறாள். அதன் பக்கத்தில் கைபேசி ஆகாது; குறைந்தது 20 சென்டிமீட்டர் தள்ளி வைக்க வேண்டும், தேடும்போது 50. அந்த நாள்களில் அவள் எந்த எண்ணையும் பதிவு செய்வதில்லை.

இனி இப்படி ஒரு செய்தி வந்தால் முதலில் என்னை அழையுங்கள். பத்து நிமிடத்தில் எடுக்காவிட்டால் தோழியை அழையுங்கள். எண்ணைத் தனியாக அனுப்புகிறேன், அவளுக்கு ஆங்கிலம் தெரியும். அம்மாவின் எண்ணை அவசரப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். உங்களுடையது இருக்கிறது.

என் வேகத்தை உங்கள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைத்திருப்பதாக அம்மா சொன்னாள். 94ஐ அடித்துவிட்டு 43 என்று எழுதிவிடுங்கள். எந்த மீட்டர் என்று பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்