அங்குஸ்தான் அனுப்பியிருக்கிறேன்

கும்பகோணம்

அன்புள்ள கயலுக்கு,

நாங்கள் இருவரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி முன்னைக்குத் தேவலாம். மாமாவும் போன வாரம் வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனார்.

அன்றைக்குப் போனில் நீ, "அப்பா, உங்க பழைய அங்குஸ்தான் ஒண்ணு அனுப்புங்க" என்றதும், தைக்கும்போது விரலில் மாட்டுகிற கூட்டைக் கேட்கிறாளே, கடல்தாண்டிப் போயாவது மகள் ஊசி பிடித்துவிட்டாளே என்று ஒரு நிமிஷம் பூரித்துப் போனேன். இங்கே இருந்தவரை அறுந்த பட்டனைக்கூட நான்தான் வைத்துக் கொடுப்பேன். அப்புறம்தான் பாஞ்சோ வாசிக்கக் கேட்கிறேன் என்றாய். எனக்குத் தெரிந்த பேஞ்சோ, இங்கே மெல்லிசைக் கச்சேரியில் வாசிப்பார்களே, டைப்ரைட்டர் மாதிரி கட்டைகளை அழுத்தும் புல்புல்தாரா, அதுதான். அதற்கு எதற்கு அங்குஸ்தான் என்று குழம்பினேன். நீ படம் அனுப்பிய பிறகு புரிந்தது. வட்டமாக ஒரு தப்பட்டை, அதிலிருந்து நீளமாக ஒரு கழுத்து, நாலு நரம்பு, பாதிக் கழுத்தில் தொடங்கும் ஐந்தாவது குட்டை நரம்பு.

நீ அனுப்பிய பழைய பாடப்புத்தகப் பக்கங்களை அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பத்து நாளாகப் படிக்கிறேன். கடைக்குப் போவதை நிறுத்திய பிறகு இத்தனை மும்முரமாக எதிலும் உட்கார்ந்ததில்லை. அதனால் இந்தக் கடிதம் நீளும். பொறுத்துக்கொள்.

முதலில் நீ கேட்ட சாமானைப் பற்றி. தையற்காரன் அங்குஸ்தானைப் போடுவது நடுவிரலில். தடித்த துணியில் ஊசி இறங்க மறுக்கும்போது அதன் பின்பக்கத்தைத் தள்ளுவதற்கு. அதில் இரண்டு ஜாதி உண்டு. என் மாதிரி கோட்டு தைத்தவர்கள் போடுவது மேலே திறந்த வளையம். விரல்நுனி வெளியே தெரியும், பக்கவாட்டால் தள்ளுவோம். வீட்டுப் பெண்கள் போடுவது மூடிய குல்லா. அதன் உச்சியால் தள்ளுவார்கள். இரண்டிலும் குட்டிக் குட்டிக் குழிகள் இருக்கும், ஊசி வழுக்காமல் இருக்க. நான் காஜா எடுக்கப் பழகிய முதல் மாதம் அங்குஸ்தான் இல்லாமல் தைத்து, ஊசியின் காது நகத்துக்கடியில் ஏறி, மூன்று நாள் சோறு பிசைய முடியவில்லை. ஆக, எனக்கு அது விரலைக் காக்கிற கவசம்.

பாஞ்சோக்காரனுக்கு அது கவசமே இல்லை. இரும்பு நகம். அந்த வித்தியாசம் பிடிபட்டதும் மற்றதெல்லாம் எனக்கு வரிசையாக விளங்கிவிட்டது.

1855இல் பாஸ்டனில் வெளியான பிரிக்ஸின் பாடப்புத்தகத்தை எடுத்துக்கொள். அதில் வலது கைக்குக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும்தான் வேலை. கட்டைவிரல் சதையாலும், ஆள்காட்டி விரல் நகத்தாலும் நரம்பைத் தொட வேண்டும். குட்டை நரம்பு கட்டைவிரலுக்கே சொந்தம். அதை இடது கையால் அழுத்துவதே கிடையாது. கையை லேசாக மூடி, ஆள்காட்டி விரலைக் கொஞ்சம் முன்னே நீட்டி, மேலிருந்து கீழே அடிக்கிறார்கள். கிடாரில் போல மேல்நோக்கிச் சுண்டுவது இல்லை. கொட்டு மேளத்தில் கொட்டுவது போல நரம்பின் மேல் நகத்தைப் போடுவது. ஸ்ட்ரோக் பாணி என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். சரியான பெயர்தான்.

அந்த நகத்தின் மேல் ஒரு உலோகக் கூடு மாட்டினால் அதுதான் திம்பிள். நம் அங்குஸ்தானுக்கும் இங்கிலீஷில் அதே பெயர்தான். விசேஷம் என்னவென்றால், உன் ஊரில் இன்றைக்கு புளூகிராஸ் என்ற நாட்டுப்புறப் பாணி இசை வாசிக்கிறவர்கள் மாட்டுகிற உலோகப் பிக்கின் அலகு விரலின் சதைப் பக்கம் இருக்கும். ஏர்ல் ஸ்க்ரக்ஸ் 1945இல் பில் மன்றோவின் இசைக்குழுவில் சேர்ந்து பிரபலமாக்கிய மூன்று விரல் வாசிப்புக்கு அது தோது, ஏனென்றால் அங்கே விரல்கள் மேல்நோக்கிச் சுண்டுகின்றன. பழைய திம்பிளுக்கு வேலை நகத்துப் பக்கம். கடைக்காரன் இரண்டும் ஒன்றுதான் என்று சொன்னால் நம்பாதே.

ஏன் மாட்டினார்கள்? சத்தத்துக்காக. அந்தக் காலத்துப் பாஞ்சோவை நினைத்துப் பார். கம்பி கிடையாது, குடலில் முறுக்கிய நரம்பு. வாயில் போர்த்தியது தோல். மழைக்காற்று அடித்தால் தோல் தொய்ந்துபோகும். பறைக்காரர்கள் தீ மூட்டிக் காய்ச்சுவது சும்மாவா? சுருதியும் இன்றைக்கு வைப்பதைவிட நன்றாகத் தாழ்வு. இப்படிப்பட்ட வாத்தியத்தை நகத்தால் தட்டினால் 'தொம்' என்று இதமாகக் கேட்கும், ஆனால் கூடத்தின் கடைசி வரிசைக்குப் போய்ச் சேராது. உலோகம் பட்டால் கதை வேறு. கடினமான விளிம்பு நரம்பைத் தொட்டு உடனே விட்டுவிடும். கூர்மையான மேல்ஸ்வரங்கள் கிளம்பும். 'டங்' என்று கிளம்பி, பிடிலையும் கஞ்சிரா மாதிரியான டாம்பரினையும் தாண்டி எட்டும். தினமும் மேடையேறுகிறவனுக்கு நகம் தேய்கிற கவலையும் இல்லை.

இதை மாமாவிடம் சொன்னேன். சிரித்தார். "தவிலுக்கு நாங்க விரல்கூடு போடறதில்லையா, அதேதான்" என்றார். அவர் வலது கை விரல்களில் பசையும் துணியும் சுற்றிக் காயவைத்த கூடுகளை நீ சின்னதில் எடுத்து விளையாடி, உடைத்து, அடி வாங்கினாயே. தெருவில் சுவாமி போகும்போது நாகஸ்வரத்துக்கு ஈடுகொடுக்க வெறும் விரல் போதாது. அமெரிக்கா போனாலும் ஆடுதுறை போனாலும் கொட்டுகிறவன் கஷ்டம் ஒன்றுதான் போலிருக்கிறது.

சரி, அந்த மேடை எது என்பதையும் சொல்ல வேண்டும். படிக்கும்போது எனக்குத் தொண்டையில் முள் சிக்கின மாதிரி இருந்த இடம் அதுதான். 1843 பிப்ரவரியில் நியூயார்க்கில் நான்கு வெள்ளைக்காரர்கள், எரித்த தக்கையின் கரியை முகத்தில் பூசிக்கொண்டு, பிடில், பாஞ்சோ, டாம்பரின், எலும்புத்தாளம் நான்கையும் வைத்துக்கொண்டு மேடை ஏறினார்கள். வர்ஜீனியா மின்ஸ்ட்ரல்ஸ் என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள். அடிமைகளாக இருந்த கறுப்பின மக்களைக் கேலிக்கூத்தாக்கும் ஆட்டம் அது. ஊர் ஊராகப் பரவி, பல பத்தாண்டுகள் அந்த நாட்டின் முக்கியமான பொழுதுபோக்காகவே இருந்திருக்கிறது. பாஞ்சோவுக்கு அச்சில் பாடப்புத்தகங்கள் வந்ததும் திம்பிள் செல்வாக்கோடு இருந்ததும் அந்த ஆட்டத்தின் காலத்தில்தான். நீ அனுப்பிய அட்டைப்படங்களில் சிலவற்றை அம்மா பார்க்கும் முன் மூடிவிட்டேன்.

ஆனால் அந்த அடி அவர்களுடையது இல்லை, கயல். ஜோயல் ஸ்வீனி என்று வர்ஜீனியாவின் அப்போமாட்டாக்ஸ்காரர், வெள்ளையரில் முதலில் பேர் வாங்கிய பாஞ்சோக்காரர். அக்கம்பக்கத்துக் கறுப்பினத்தவர்களிடம் கற்றவர் என்பதே வழக்கமாகச் சொல்லப்படுவது. குட்டை நரம்பைக் கண்டுபிடித்ததே அவர்தான் என்று நெடுநாள் ஒரு கதை ஓடியிருக்கிறது. அது நிற்காது. ஸ்வீனி பிறந்தது 1810இல். அதற்கு இருபது ஆண்டுக்கு மேல் முன்பே தென் கரோலினாவில் ஜான் ரோஸ் என்பவர் வரைந்த நீர்வண்ண ஓவியத்தில், தோட்டத்து அடிமைகள் நடுவே ஒருவர் சுரைக்குடுக்கைப் பாஞ்சோ வாசிக்கிறார். அதில் குட்டை நரம்பு தெளிவாக இருக்கிறது. இன்னும் பின்னால் போனால் மேற்கு ஆப்பிரிக்காவில், செனகல், காம்பியா பக்கத்து ஜோலா மக்களின் அகோண்டிங். சுரைக்குடுக்கை, ஆட்டுத்தோல், மூன்று நரம்பு, அதில் ஒன்று கட்டைவிரலுக்கான குட்டை நரம்பு. வாசிப்பது ஆள்காட்டி விரல் நகத்தால், மேலிருந்து கீழே அடித்து. 2000ஆம் ஆண்டு வாக்கில் டேனியல் ஜட்டா என்ற ஜோலா அறிஞர் அதை வெளி உலகத்துக்கு எடுத்துக்காட்டியபோது, அமெரிக்கப் பழைய பாணிக்காரர்கள் தங்கள் கையையே அங்கே பார்த்திருப்பார்கள்.

நகம்தான் மூத்தது. உலோகம் பிறகு வந்தது. நீ எதிலிருந்து தொடங்க வேண்டும் என்பதற்கு எனக்குக் கிடைத்த பதில் இதிலேயே இருக்கிறது.

ஹொரேஸ் வெஸ்டன் என்று ஒரு கறுப்பினக் கலைஞர். 1825இல் கனெக்டிகட்டில், அடிமையாக அல்லாமல் பிறந்தவர். ஸ்ட்ரோக், கிடார் பாணி இரண்டிலும் கைதேர்ந்தவர், ஐரோப்பா வரை போய் வாசித்தவர். கேலி செய்யப்பட்ட ஜனத்திலிருந்து வந்து அதே மேடைகளில் நின்று வாசித்திருக்கிறார். அவர் மனசில் என்ன ஓடியிருக்கும் என்று இரண்டு ராத்திரி யோசித்தேன்.

அப்புறம் காலம் மாறியது. ஃபிராங்க் கான்வர்ஸ் 1865இல் போட்ட புத்தகத்திலேயே ஸ்ட்ரோக்கோடு கிடார் பாணியும் வந்துவிட்டது. அதாவது விரல் சதையால் மெதுவாகச் சுண்டுவது. பாஞ்சோ கூத்து மேடையை விட்டு இறங்கி, நல்ல வீட்டு வரவேற்பறைக்குள் நுழைகிறது. பெண்களும் வாசிக்கிறார்கள். வரவேற்பறையில் 'டங்' எதற்கு? கழுத்தில் வீணையில் போல மெட்டுகள் வந்தன, பிறகு கம்பியும் வந்தது. நூற்றாண்டு முடிவதற்குள் நகரத்தில் திம்பிள் வாசிப்பு பழம்பாணியாகிப் போனது. இசைக்கருவி விற்பவர்களின் விலைப்பட்டியலில் மட்டும் ஜெர்மன் சில்வர் திம்பிள் ஒரு மூலையில் கிடந்தது. பெயரைப் பார்த்து ஏமாறாதே, அதில் வெள்ளி துளியும் இல்லை. செம்பு, நிக்கல், துத்தநாகம். நம் பாத்திரக்கடையிலும் அந்தப் பெயரைச் சொல்லி ஒரு காலத்தில் விற்றார்கள்.

கீழ்நோக்கி அடிக்கும் கை மட்டும் சாகவில்லை. அப்பலாச்சிய மலைப்பக்கம் ஃபிரெய்லிங், கிளாஹேமர் என்று வேறு பெயர்களில் தங்கிவிட்டது. நீ வகுப்பில் கற்பது அதுதானே? நகம் மெலிந்தவர்கள் பிங்பாங் பந்தை வெட்டி நகத்தின் மேல் ஒட்டிக்கொள்கிறார்களாம். கேட்டதும் எனக்கு அந்த ஆட்களைப் பிடித்துப்போனது. கையில் கிடைப்பதை வைத்து வேலையை முடிக்கிற ஜாதி.

இன்னொன்று. நீ இருக்கும் பால்டிமோரில்தான் 1840களில் வில்லியம் பௌச்சர் என்ற டிரம் செய்கிறவர் பாஞ்சோ செய்து விற்றிருக்கிறார். டிரம்மில் போல வளையத்தைச் சுற்றித் திருகாணி வைத்துத் தோலை இழுக்கும் பாஞ்சோக்கள். மழைநாளில் தொய்ந்தால் முடுக்கிக்கொள்ளலாம். அவர் செய்த சில வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகச் சேகரிப்பில் இருக்கின்றன. ஒரு லீவு நாளில் கேட்டுப் பார். பார்த்தால் திருகாணியை நன்றாகப் படம் எடுத்து அனுப்பு, எனக்கு அந்த வேலைப்பாடு பார்க்க வேண்டும்.

இப்போது பார்சலைப் பற்றி. என் வளையம் உனக்கு உதவாது. நகம் வெளியே நிற்கும்போது அதில் எதை வைத்து அடிப்பாய்? அம்மாவின் பித்தளைக் குல்லாவைப் போட்டு மேஜையில் ரப்பர் பேண்டு கட்டி அடித்துப் பார்த்தேன். உச்சி உருண்டையாக இருப்பதால் வழுக்குகிறது. குழிகள் வேறு அரம் மாதிரி உராய்கின்றன, குடல் நரம்பானால் நாலு நாளில் பிசிறிவிடும். வேகமாக வீசினால் குல்லாவே கழன்று பறக்கிறது. அம்மா மேல் விழுந்து அதற்கு வேறு பேச்சு வாங்கினேன்.

அதனால் இரண்டு செய்திருக்கிறேன். பழைய பித்தளைக் குல்லாக்களை எடுத்து, சதைப் பக்கத்தைத் தகரக் கத்தரியால் வெட்டி எடுத்துவிட்டேன், விரல்நுனிக்கு நரம்பின் நிதானம் தெரியட்டும் என்று. நகத்துப் பக்கம் கொஞ்சம் தட்டையாக்கி, நுனியை நகம் அளவுக்கு நீட்டிவிட்டு, குழிகள் போகும் வரை ராவி, உப்புத்தாள் போட்டிருக்கிறேன். அடிப்பக்கம் ஒரு கீறல் விட்டிருக்கிறேன், விரலுக்குத் தகுந்தபடி நெருக்கிக்கொள்ளலாம். ரொம்ப நெருக்காதே, நுனி நீலம் பாரிக்கும்.

உடனே மாட்டிக்கொள்ள வேண்டாம். மூன்று மாதம் வெறும் நகத்தால் அடி. மணிக்கட்டு தளர்ந்து, நினைத்த நரம்பில் நகம் விழட்டும். திம்பிள் தப்பையும் சேர்த்துத்தான் உரக்கச் சொல்லும். மேல்வீட்டுக்காரர் ஏற்கெனவே கதவைத் தட்டினார் என்றாய், ஞாபகம் இருக்கட்டும்.

பார்சலில் பருப்புப் பொடியும் நார்த்தங்காயும் இருக்கின்றன. திம்பிள் பொடி டப்பாவுக்குள் இருக்கிறது, தட்டில் கொட்டும்போது பார்த்துக் கொட்டு. அளவு சரியில்லை என்றால் வலது கை ஆள்காட்டி விரலில், நகம் தொடங்கும் இடத்தில் நூலைச் சுற்றி, அந்த நூலையே டேப்பில் அளந்து மில்லிமீட்டரில் எழுது. நடுவிரலை அளந்து அனுப்பிவிடாதே. அது தையற்காரன் கணக்கு.

அன்புடன்,
அப்பா