பூங்கா டெண்டரில் உப்புக்காற்றையும் சேருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம். எங்கள் கடலோர ஊரில் பூங்காவைச் சீரமைக்க மறுபடி டெண்டர் விடப் போவதாகப் பேச்சு அடிபடுகிறது, சந்தோஷம்தான், ஆனால் போன தடவை போட்ட இரும்பு ஊஞ்சலும் சறுக்கு மரமும் உப்புக்காற்றில் துருப்பிடித்து, பிள்ளைகள் கையைக் கிழிக்கிற அளவுக்கு ஆகிவிட்டதையும் சொல்லத்தான் வேண்டும்.

குறைந்த விலை கேட்டவருக்கே வேலை என்பது சட்டப்படி சரி. ஆனால் மதிப்பீட்டிலேயே வெறும் இரும்பு என்று எழுதிவிட்டால், நல்ல ஒப்பந்ததாரர் வந்தாலும் அவரும் அதைத்தானே போடுவார்? துத்தநாகம் பூசிய குழாய், கருங்கல் பெஞ்சு, புல்தரைக்குப் பதிலாக உவர்நிலத்திலும் நிற்கிற பூவரசு, புன்னை என்று முதலிலேயே எழுதுங்கள். அப்புறம் பராமரிப்பு, அதற்கும் சேர்த்தே விலைப்புள்ளி கேளுங்கள்.

1998-ஆம் ஆண்டு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின் விதிகளின்படி, 2 கோடி ரூபாய் வரையிலான வேலைக்கு விலைப்புள்ளி கொடுக்கச் சாதாரணமாகக் குறைந்தது 15 நாள் அவகாசம் தர வேண்டும். அந்த நாட்களில் வேலை விவரத்தை வார்டு மக்கள் படிக்கிற மாதிரி, தமிழில், பூங்கா வாசலிலேயே ஒட்டுங்கள். வேலை எடுத்தவர் எத்தனை வருடம் பழுதுக்குப் பொறுப்பு என்பதும் அதில் இருக்கட்டும்.

– ஒரு வாசகர், ராமநாதபுரம் மாவட்டம்