நனைந்த புத்தகங்கள்

அன்பு மகளுக்கு,

நான் சுகமாக வந்து சேர்ந்துவிட்டேன். வேலைக்குப் போகிற வழியில் நீ என்னை லொஸ் ஏஞ்சல்ஸ் மத்திய நூலகத்தில் இறக்கிவிட்டுப் போன நாள் நினைவிருக்கும். பின்னேரம் காரில் நான் வாயே திறக்கவில்லை. களைப்பு என்று சொன்னேன். அது பொய், பிள்ளை.

கதவு திறக்கும்வரை தோட்டத்தில்தான் இருந்தேன். ஏறிப் போகும் படிகளுக்கிடையே தண்ணீர்த் தொட்டிகள். படிகளின் முகப்பில் பல மொழிகளில், பல எழுத்துகளில் வரிகள். மனிதன் எழுதப் பழகிய கதையை ஏறுகிற வழியிலேயே வைத்துவிட்டார்கள். ஜட் ஃபைன் என்ற சிற்பி செய்தது. இந்த இடத்தைத் தோண்டிக் கொஞ்சக் காலம் கார் நிறுத்தினார்களாம். பிறகு கார்களை நிலத்துக்குக் கீழே அனுப்பிவிட்டு மேலே திரும்பவும் மரம் நட்டிருக்கிறார்கள்.

கட்டடம் 1926இல் திறந்தது. கட்டடக்கலைஞர் பெர்ட்ரம் குட்ஹியூ அதைப் பார்க்க உயிரோடு இல்லை. உள்ளே வட்ட மண்டபத்தில் உலக உருண்டை வடிவில் ஒரு வெண்கல விளக்கு தொங்குகிறது. ஒரு தொன் எடை, 48 மின்விளக்குகள். அப்போது அமெரிக்காவில் 48 மாநிலங்கள்தானே. நான்கு சுவரிலும் டீன் கார்ன்வெல் 1933இல் முடித்த ஓவியங்கள், கலிபோர்ணியாவின் கதை. நிறங்கள் அவ்வளவு மென்மை. ஆனால் வந்தவர்கள் நிமிர்ந்தும், அந்த மண்ணின் பழைய சனம் பெரும்பாலும் பணிந்தும் நிற்பது எனக்குப் பிடிக்கவில்லை.

என்னை வாயடைக்க வைத்தது அதுவல்ல. 1986 ஏப்ரல் 29இல் அந்த நூலகம் எரிந்திருக்கிறது. ஏழு மணித்தியாலத்துக்கு மேல். ஏறக்குறைய நாலு லட்சம் புத்தகங்கள் சாம்பல். இன்னும் ஏழு லட்சம் புகையிலும், தீயணைத்த தண்ணீரிலும் கெட்டுப் போயின. நனைந்த தாள் ஓரிரு நாளிலேயே பூஞ்சணம் பிடித்துவிடும். சனம் தாங்களாகவே வந்து வரிசையாக நின்று, கைமாற்றிக் கைமாற்றிப் புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கியிருக்கிறார்கள். அந்தப் பெட்டிகளை எங்கே கொண்டுபோனார்கள் என்று நினைக்கிறாய்? உணவுப் பொருள் வைக்கிற குளிர்க் களஞ்சியங்களுக்கு. உறைய வைத்துவிட்டால் பூஞ்சணம் வளராது. பிறகு ஆறுதலாக, காற்றகற்றிய அறைகளில் வைத்து, பனி நீராகாமல் நேரே ஆவியாகிப் போகும்படி உலர்த்தலாம். 1993இல் திரும்பத் திறந்திருக்கிறார்கள்.

அந்தத் தீக்கு ஐந்து வருசம் முன்னால்தான் எங்களுடைய யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. 1981, மே கடைசி இரவு தொடங்கி. 97,000 புத்தகங்கள், ஏட்டுச்சுவடிகள். உறைய வைக்க எங்களுக்கு நனைந்த புத்தகமாவது மிஞ்சியதா? காற்றில் பறந்து வந்த கருகின தாளை நான் கையில் பிடித்துப் பார்த்தேன். எழுத்துத் தெரிந்தது. தொட்டதும் உதிர்ந்தது.

என் அலுமாரியில் பச்சை மட்டைப் புத்தகம் ஒன்று இருக்கிறதே, சின்ன வயதில் நீ தொட்டால் நான் ஏசுவேன். அது அந்த நூலகத்து இரவல் புத்தகம். எரிந்த கிழமை என் கையில் இருந்ததால் தப்பியது. 2003இல் நூலகம் திரும்பத் திறந்தபோதும் நான் கொடுக்கவில்லை. அது மட்டும் என்னிடம் இருக்கட்டும் என்ற பேராசை. அங்கே, முன்பின் தெரியாத சனம் ஈரப் புத்தகத்தைக் கையிலிருந்து கைக்குக் கொடுத்தார்கள் என்று அறிந்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

நேற்றுக் கொண்டுபோனேன். கவுண்டரில் இருந்த பிள்ளைக்கு உன் வயதிருக்கும். மட்டையைத் திறந்து, திகதி முத்திரையைப் பார்த்தாள். 1981 என்று வாய்க்குள் வாசித்தாள். பிறகு எழும்பி வந்து எனக்கு ஒரு கதிரை இழுத்துப் போட்டாள்.

அன்புடன்,
அப்பா