இயர்பிளக் குடுத்த அக்காவுக்கு நன்றி

நேத்து கான்சர்ட்ல ஸ்பீக்கர் பக்கத்துல என் பொண்ணு காதப் பொத்திக்கிட்டு அழுதப்போ, பையிலருந்து ஃபோம் இயர்பிளக் எடுத்து விரல்ல மெல்லிசா உருட்டி, அவ காத லேசா மேல இழுத்து உள்ள வச்சு, அது விரியற வரைக்கும் விரலால பிடிச்சுக்கிட்டே நின்னீங்களே அக்கா, ரொம்ப ரொம்ப நன்றி. இந்த மாதிரி இடங்கள்ல சராசரி சத்தம் 100 டெசிபலத் தாண்டக் கூடாதுன்னு உலக சுகாதார அமைப்பு 2022லயே சொல்லிருக்குன்னு உங்களாலதான் தெரிஞ்சுது. இடைவேளைல சினிமா, அரசியல்னு பேச்சு போச்சு, நீங்க எனக்கு நேர் எதிர்க்கட்சி, ஆனா நான் முடிக்கிற வரைக்கும் குறுக்க பேசாம கேட்டீங்க, ஆன்லைன்ல யாருங்க இப்படி கேக்கறாங்க. தியேட்டர்லயும் போடட்டும்னு இன்னொரு ஜோடி வேற குடுத்தீங்க. பாப்பா கடைசிப் பாட்டு வரைக்கும் ஆடுனா. பேரக் கேக்கறதுக்குள்ள கூட்டத்துல போயிட்டீங்க, இதப் பாத்தா ஒரு மெசேஜ் போடுங்கக்கா.