வாங்கின சாமானுக்குக் காசைத் தாருங்கள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா மாவட்டங்களின் அரசாங்க அதிபர்களுக்கும், வலயக் கல்விப் பணிப்பாளர்களுக்கும், பிரதேச சபைத் தவிசாளர்களுக்கும்,

வணக்கம்.

சிறு வியாபாரிகளை எப்படித் தூக்கி நிறுத்தலாம் என்று 2022இலிருந்து கூட்டங்களில் பேசி வருகிறீர்கள். கடன் திட்டம், சுழல்நிதி, தொழில்முனைவோர் பயிற்சி, கண்காட்சி என்று வந்தபடி இருக்கின்றன. வரட்டும். நான் கேட்பது அதில் எதுவும் இல்லை. உங்கள் கந்தோர்கள் எங்களிடம் ஏற்கெனவே வாங்கிவிட்ட சாமானுக்குக் காசைத் தாருங்கள், அவ்வளவுதான்.

ஏ-35 என்னும் பரந்தன்–முல்லைத்தீவு வீதியோரம் தாள், பேனை, கோவை விற்று, போட்டோகொப்பியும் அடித்துக் கொடுக்கிறவன் நான். பொருளாதார நெருக்கடிக்கு முன்னர் மொத்தக் கடைக்காரர் இரண்டு மூன்று மாதத் தவணைக்குச் சாமான் தருவார். நாங்கள் பாடசாலைக்கும் கந்தோருக்கும் அதே தவணையில் கொடுப்போம். பெரிய லாபம் இல்லாவிட்டாலும் வண்டி ஓடியது. 2022 மார்ச்சில் ரூபாவை மிதக்கவிட்டார்கள். இருநூறு சொச்சத்தில் நின்ற டொலர் சில வாரங்களில் 300ஐத் தாண்டியது. தாள் இல்லாமல் மேல் மாகாணத்தில் பாடசாலைப் பரீட்சைகளையே ஒத்திவைத்த நாட்கள் அவை. அதோடு தவணைப் பேச்சு முடிந்தது. காசை வைத்தால்தான் தாள். மொத்தக் கடைக்காரரிலும் பிழை இல்லை, நாளை என்ன விலைக்கு வாங்குவது என்று அவருக்கே தெரியாது. அதே வருஷம் ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரி 75 வீதம் ஏறியது, 2023 பெப்ரவரியில் மறுபடி 66 வீதம். போட்டோகொப்பி மெஷின் வைத்திருப்பவருக்கு அது என்ன என்று சொல்லத் தேவையில்லை.

வாங்குகிற பக்கம் எல்லாம் கைக்காசு. விற்கிற பக்கம், அதாவது உங்கள் பக்கம், இன்னமும் கடன். நடுவில் கிடந்த பள்ளத்தை நிரப்பியது என் மனைவியின் காப்பும் வங்கியின் அடகு வட்டியும்.

ஒரு பில் போகும் வழியைப் பாருங்கள். மூன்று கடையில் கொட்டேசன் கேட்பீர்கள். குறைந்த விலைக்காரருக்கு ஓடர் வரும். சாமானை நாங்களே ஏற்றிக்கொண்டு வந்து இறக்குவோம். களஞ்சியப் பொறுப்பாளர் எண்ணிப் பார்த்துக் கையெழுத்து வைப்பார். அதுவரை எல்லாம் சுறுசுறுப்பு. பிறகு காசு கொடுப்பதற்கான வவுச்சர் எழுத வேண்டும், அதில் ஒருவர் சான்றுபடுத்த வேண்டும், இன்னொருவர் அங்கீகரிக்க வேண்டும். அந்த இன்னொருவர் பயிற்சிக்குப் போயிருப்பார். எல்லாம் முடிந்து கணக்குக் கிளைக்கு வந்தால் "இம்பிறஸ்ட் வரேல்லை ஐயா, அடுத்த கிழமை பாருங்கோ." இம்பிறஸ்ட் என்பது திறைசேரி கந்தோருக்கு விடும் காசு. அடுத்த கிழமை போனால் வேறொரு கதை: பில்லில் திகதி ஓடருக்கு முந்தியது, திருத்திக் கொண்டு வாங்கோ. டிசெம்பர் 31 தாண்டிவிட்டால் அது போன வருஷத்துப் பில். அதற்குத் தனி விளக்கம் எழுத வேண்டும்.

கணக்கு எழுதும் பிள்ளைகளில் எனக்குக் கோபமில்லை. திறைசேரி காசு விடாவிட்டால் அவர்கள் என்ன செய்வார்கள்? ஆனால் காசு வராது என்று தெரிந்துகொண்டே ஓடர் தருகிறீர்களே, அதைத்தான் கேட்கிறேன்.

என் கதை பரவாயில்லை, கடையைப் பூட்டினாலும் வீட்டில் ஒரு தோட்டம் இருக்கிறது. பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு சமைக்கும் பெண்களை நினைத்துப் பாருங்கள். விடியப்புறம் எழும்பிச் சமைத்து, கறிச்சட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போகிறவர்கள். அரிசி, பருப்பு, முட்டை எல்லாம் ஊர்க்கடையில் கொப்பிக் கணக்கு. உங்கள் கொடுப்பனவு இரண்டு மாதம் பிந்தினால் கடைக்காரரின் கொப்பியில் சமைக்கிறவரின் பெயருக்கு நேரே இரண்டு பக்கம் நிரம்பும். கடைக்காரரால் வான் வண்டியில் சாமான் கொண்டுவந்து போடுகிறவருக்குக் கட்ட முடியாது. வான்காரர் அடுத்த முறை அந்தக் கடையில் நிற்பாட்டாமல் போவார். அந்தப் பெண்ணோ நுண்கடன் எடுத்துச் சமைப்பார். நுண்கடன்காரர் கிழமைக்குக் கிழமை படலைக்கு வருவார், அவரிடம் இம்பிறஸ்ட் கதை எடுபடாது. ஒரு மேசையில் கிடக்கும் ஒரு வவுச்சருக்காக இத்தனை வீடு தவிக்கிறது.

எங்கள் கொப்பிகளில் விவசாயிகளும் இருக்கிறார்கள். "வெட்டு முடியத் தாறன்" என்பார்கள். பெரும்போகம் வெட்டி நெல் விற்றதும் முக்கால்வாசிப் பேர் வந்து தீர்ப்பார்கள். இரசாயன உரத்தைத் தடைசெய்து விளைச்சல் விழுந்த காலத்தில்கூடப் பாதியாவது கொண்டுவந்து வைத்தார்கள். உங்களுக்கு வெட்டு எந்த மாதம் என்று சொன்னால் நாங்களும் அதுவரை பார்த்திருப்போம்.

"வங்கிக்குப் போங்கோ" என்று சொல்கிறீர்கள். எங்களில் பலருடைய காணி அரசாங்கம் அனுமதிப் பத்திரத்தில் தந்த பேர்மிட் காணி. வங்கி அதை ஈடாக எடுக்காது. காணி உறுதி இருந்தவர்களிலும் பலருக்கு அது இடப்பெயர்வில் தொலைந்தது. மிஞ்சுவது இரண்டு அரச உத்தியோகத்தரின் பிணை. எனக்குக் காசு தரவேண்டிய கந்தோரிலேயே போய், என்னை நம்பிக் கையெழுத்து வையுங்கள் என்று கேட்க வேண்டியிருக்கிறது. சிரிப்புத்தான் வருகிறது.

இந்தியாவில் 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி சிறு நிறுவனத்திடம் வாங்கியவர் 45 நாளுக்குள் கட்ட வேண்டும், பிந்தினால் கூட்டுவட்டி. அங்கேயும் எல்லோரும் ஒழுங்காகக் கட்டுகிறார்கள் என்று நான் நம்பவில்லை. ஆனாலும் காட்டிக் கேட்க ஒரு சட்டம் இருக்கிறது. சர்வதேச நாணய நிதியத்துடன் (ஐ.எம்.எஃப்.) இலங்கை செய்த உடன்பாட்டிலும் அரசு கட்டாமல் வைத்திருக்கும் நிலுவைகளுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. மேசை லாச்சிக்குள் கிடக்கும் பில் அந்தக் கணக்கில் எப்படி விழும்?

கொழும்பைப் பார்த்திராமல் நீங்களே செய்யக்கூடியவை இருக்கின்றன. பில் கொண்டுவரும் நாளில் திகதி முத்திரை குத்தி ஒரு பிரதியைக் கையில் தாருங்கள். இன்றைக்கு அதுகூட இல்லை, "உங்கட பில் வரவேயில்லை" என்று சொல்லிவிடலாம். ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட பில்களைத் தனியாக எடுத்து, காசு வந்ததும் முதலில் அவற்றைத் தீருங்கள். பெரிய ஒப்பந்தக்காரரால் ஒரு மாதம் தாக்குப்பிடிக்க முடியும், சோறு சமைக்கிறவரால் முடியாது. காசு இல்லாவிட்டால் கொட்டேசன் கேட்கும்போதே சொல்லிவிடுங்கள், இயலுமானவர் கொடுப்பார். பிரதேச சபைகளுக்கு இன்னொன்று: கடை வாடகை பிந்தினால் தண்டம் போடுகிறீர்கள், போடுங்கள். ஆனால் நீங்கள் எங்களுக்குத் தரவேண்டியதை அந்த வாடகையில் கழித்துவிட்டு மிச்சத்துக்குப் போடுங்கள்.

அடுத்த தொழில்முனைவோர் பயிற்சிக்கு என்னையும் கூப்பிடுவீர்கள், வருவேன். மத்தியானம் தருகிற சோற்றுப் பார்சலை யார் கட்டினது, அவருக்குக் காசு போய்விட்டதா என்று அங்கே வைத்தே கேட்பேன். பதிலோடு வாருங்கள்.

இப்படிக்கு,
வன்னிச் சிறு வியாபாரி ஒருவன்