11 வருஷம் கழித்துப் பந்திக்கு வந்தேன்

அன்புள்ள எங்கள் சபைப் போதகர் ஐயர் அவர்களுக்கும், வீடு வீடாய்ப் போய் வேதம் சொல்லும் பைபிள் உமன் அக்காவுக்கும், தமிழ் வாத்தியார் ஐயாவுக்கும், என் பள்ளிக்கூடத்துத் தோழிக்கும், அத்தானுக்கும், ஊரில் என் சபையார் எல்லாருக்கும்,

கர்த்தருடைய நாமத்தில் ஸ்தோத்திரம்.

போன மாதம் முதல் ஞாயிறு, 11 வருஷம் கழித்து, நான் கோயிலில் திருவிருந்துப் பந்தியில் சேர்ந்து அப்பமும் ரசமும் எடுத்தேன். பலிபீடத்துக்கு முன்னால் முழங்காலிட்டு நீட்டிய கை நடுங்கியதை ஐயர் பார்த்திருப்பீர்கள். அப்பத்தைக் கையில் வைத்துவிட்டு நீங்கள் உடனே அடுத்தவரிடம் போகவில்லை. நான் அதை வாயில் வைக்கும்வரை நின்றீர்கள். அன்று வீட்டுக்கு வந்ததுமே இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். முடிக்க இத்தனை நாள் ஆகிவிட்டது.

உங்களில் சிலருக்குத்தான் முழுக்கதையும் தெரியும். 11 வருஷத்துக்கு முன்னால் எனக்கு இரண்டாவது முறையும் கரு கலைந்தது. வீட்டுக்கு ஜெபிக்க வந்த ஓர் ஊழியர் பவுல் கொரிந்து சபைக்கு எழுதின முதலாம் கொரிந்தியர் நிருபத்தின் 11ஆம் அதிகாரத்தைத் திறந்து காட்டினார். 'அபாத்திரமாய்', அதாவது தகாத விதமாய், பந்தியில் சேருகிறவனுக்கு ஆக்கினைத்தீர்ப்பு, அதாவது தண்டனை, வரும் என்று அதில் இருக்கிறது. "உனக்குள்ளே மறைவான பாவம் ஏதோ இருக்கும்மா. அதை அறிக்கை பண்ணாமலே பந்தியிலே சேர்ந்திருக்கிற" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார் என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் வயிறு காலியாகி நாலு நாள்கூட ஆகாத ஒருத்தியிடம் அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

அப்புறம் கோடு போட்ட 80 பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். ஒவ்வொரு ராத்திரியும் அன்றைய பாவங்களை எழுதுவேன். 'அத்தையிடம் எதிர்த்துப் பேசினேன்.' 'எட்டாம் வகுப்புப் பையனை அடித்தேன்.' 'ஜெபத்தில் தூங்கிவிட்டேன்.' ஓரத்தில் தேதி. அறிக்கை செய்து முடித்ததும் பரீட்சைத் தாள் திருத்துகிற சிவப்புப் பேனாவால் ஒரு டிக். வெள்ளிக்கிழமை உபவாசம். அன்று மறதியாக ஒரு வாய் காப்பி குடித்துவிட்டால் சனிக்கிழமையும் உபவாசம். அப்படி ஐந்து நோட்டு நிரம்பியது. மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து ஆரம்பிக்கும்போது தலைவலி என்று எழுந்து வெளியே வந்து வேப்பமரத்தடியில் நிற்பேன். உள்ளே பாடுகிற கீர்த்தனை கேட்கும். நானும் மெதுவாகப் பாடுவேன். கடவுளிடம் எனக்கு அன்பு இருந்ததா என்று அப்போது யாராவது கேட்டிருந்தால், பயம் இருந்தது என்று மட்டும்தான் சொல்லியிருப்பேன்.

முதல் நன்றி என் தோழிக்கு. அவள் பேச்சியம்மனைக் கும்பிடுகிறவள். வேதம் படித்ததில்லை. "டீச்சர், இதையெல்லாம் டாக்டர்கிட்ட ஒரு தடவை கேட்டீங்களா?" என்று கேட்டு, அரைநாள் லீவு போட்டு என்னைக் கூட்டிப் போனவள் அவள்தான். முதல் மூன்று மாதத்தில் கலைகிற கருக்களில் ஏறக்குறைய பாதிக்குக் காரணம் குரோமோசோம் எண்ணிக்கையில் நேரும் பிழை என்று டாக்டர் படம் போட்டு விளக்கினார். தாய் செய்த எதனாலும் அது வருவதில்லை என்று இரண்டு முறை சொன்னார். ஆஸ்பத்திரி வாசலில் நான் அழுதபோது, பள்ளிக்கு நேரமாகிறது என்று அவள் சொல்லவே இல்லை.

புத்திக்குப் புரிந்தது நெஞ்சுக்கு இறங்கப் பல வருஷம் ஆனது. அக்கா, நீங்கள் என் அடுக்களையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே யோவான் 9ஆம் அதிகாரத்தைச் சொன்னீர்கள். பிறவிக் குருடனைப் பார்த்து, இவன் செய்த பாவமா, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமா என்று சீஷர்கள் கேட்கிறார்கள். இரண்டுமில்லை என்கிறார் இயேசு. "கேள்வி கேட்டது சீஷர்களேதாம்மா. கூடவே நடந்தவங்களுக்கே அந்த எண்ணம் இருந்திருக்கு" என்றீர்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசாமல் மிச்ச வெங்காயத்தை உரித்தீர்கள்.

வாத்தியார் ஐயா, உங்கள் வீட்டுத் திண்ணையில்தான் எனக்குக் கதவு திறந்தது. அதே வசனத்தை, பயப்படாமல், இலக்கணமாக வாசிக்கச் சொன்னீர்கள். 'அபாத்திரமாய்' என்பது எந்தச் சொல்லைத் தழுவுகிறது என்று மாணவியிடம் கேட்பதுபோல் கேட்டீர்கள். போஜனபானம் பண்ணுவதை, என்றேன். "அப்போ அது சாப்பிடுற விதத்தைச் சொல்லுது. சாப்பிடுற ஆளைச் சொல்லலை" என்றீர்கள். எந்த விதம் என்று பார்க்க மேலே 21ஆம் வசனத்துக்குப் போனோம். கொரிந்து சபையில் வசதி இருக்கிறவன் முந்திச் சாப்பிட்டுக் குடித்து வெறித்திருக்கிறான், இல்லாதவன் பசியோடு இருக்கிறான். பவுலுக்குக் கோபம் அதில்தான். நம் ஊர் அசனத்தைச் சொல்லிக் காட்டினீர்கள். பாயில் கொட்டிக் குவித்த சோறு, அண்டாவில் கறி, வந்தவர் எந்தச் சாதி, எந்த மதம் என்று கேட்காத ஒரே பந்தி. அங்கே ஒருவன் தனக்கு மட்டும் கறியை அள்ளிக்கொண்டு போனால் எப்படியோ, அப்படித்தான் அவர்கள் செய்தது. நான் 11 வருஷமாகச் சுமந்த வசனம் என்னைப் பற்றியதே இல்லை.

இன்னொன்றும் சொன்னீர்கள். திருவிருந்துக்கு முன்னால் நாம் எல்லாரும் சேர்ந்து சொல்கிற ஒரு ஜெபம் இருக்கிறது. உமது பந்தியின் கீழே விழுகிற துணிக்கைகளைப் பொறுக்கவும் எங்களுக்குத் தகுதி இல்லை என்று அதில் அறிக்கையிடுகிறோம். 1548இல் இங்கிலாந்தில் எழுதப்பட்டு நம் ஆராதனை முறைக்குள் வந்த ஜெபம். "தகுதி இல்லைன்னு சபை முழுக்கச் சத்தமா சொல்லிட்டு, அடுத்த நிமிஷம் எழுந்து போய்ச் சாப்பிடுறோம். கவனிச்சியா? பாத்திரம் அறிந்து பிச்சையிடுன்னு மனுஷன் சொல்லுவான். இவர் அப்படிப் பார்க்கிறதில்லை." சின்ன வயதிலிருந்து அந்த ஜெபத்தை மனப்பாடமாகச் சொன்னவள் நான். அன்றுதான் காதில் விழுந்தது.

ஐயர் அவர்களே, உபவாசத்தை நிறுத்து, ஒரு மாதம் பவுலின் கலாத்தியர் நிருபத்தை மட்டும் படி என்றீர்கள். ஒரு போதகர் உபவாசத்தை நிறுத்தச் சொல்வார் என்று நான் நினைத்ததே இல்லை. பள்ளி விட்டதும் பாளையங்கோட்டை ஊசிக்கோபுரக் கோயிலுக்குப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து படித்தேன். 1826இல் மிஷனெரி ரேனியஸ் ஐயர் காலத்தில் எழும்பின கோயில் அது. புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்த்தவர்களில் ஒருவர் அவர். அங்கே உட்கார்ந்து தமிழில் படிக்கும்போது இந்த எழுத்துக்காக எத்தனை பேர் கண் பூத்திருப்பார்கள் என்று தோன்றும். 5ஆம் அதிகாரம் முதல் வசனத்தில் 'சுயாதீனம்' என்று ஒரு பழைய சொல் வருகிறது. விடுதலை என்று அர்த்தம். கிறிஸ்து உண்டாக்கின சுயாதீனத்தில் நில், மறுபடி நுகத்துக்குள் போகாதே என்கிறது. உண்டாக்கின என்று இருக்கிறது. அது ஏற்கெனவே முடிந்த காரியம். நான் ஐந்து நோட்டில் சம்பாதிக்கப் பார்த்ததை அவர் என்றைக்கோ கொடுத்துவிட்டார். அன்று எனக்காக ஜெபிக்க யாரும் பக்கத்தில் இல்லை. நானே "அப்பா" என்று கூப்பிட்டேன். அதற்கு முன் அந்த வார்த்தையை ஜெபத்தில் ஆயிரம் முறை சொல்லியிருப்பேன்.

குழந்தை பிறந்ததா என்று கேட்பீர்கள். சபையில் சொல்லும் சாட்சி என்றால் அப்படித்தான் முடியும் என்று எல்லாருக்கும் பழக்கம். பிறக்கவில்லை. எனக்கு 43 வயதாகிறது. அந்த வருத்தம் இருக்கிறது. அது இப்போது வருத்தமாக மட்டும் இருக்கிறது, தண்டனையாக இல்லை.

அத்தான், உங்களுக்கு என்ன எழுதுவது! மாதாமாதம் பந்தியில் எடுத்துவிட்டு நேரே வேப்பமரத்தடிக்கு வந்து, ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் நிற்பீர்கள். என்னைப் பயமுறுத்தின அதே அதிகாரம் 33ஆம் வசனத்தில், சாப்பிடக் கூடிவரும்போது ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்று சொல்கிறது. அதை வாசித்தபோது உங்கள் முகம்தான் வந்தது.

சபையாரே, இந்த வருஷ அசனத்துக்கு முந்தின ராத்திரியே ஊருக்கு வந்துவிடுவேன். அக்கா, கத்தரிக்காய் வெட்ட எனக்கும் ஓர் அரிவாள்மணை எடுத்து வையுங்கள். தோழியும் வருகிறாள்.

இப்படிக்கு,
உங்கள் டீச்சர்