டியூப்பை எடுத்துக் கொடுக்கும் முன்: மதுரை மாவட்ட மருந்துக் கடைகளுக்கு ஒரு திறந்த மடல்

மதுரை மாவட்ட மருந்துக் கடை உரிமையாளர்களுக்கும் கவுண்டரில் நிற்கும் மருந்தாளுநர்களுக்கும் வணக்கம்.

"அண்ணே, புண்ணுக்கு ஒரு ஆயின்மென்ட் குடுங்க." பனகல் சாலையிலும் சரி, பேரையூரிலும் சரி, தினமும் உங்கள் காதில் விழும் பேச்சு இது. கேட்பவர் கையில் சீட்டு இருக்காது. முபிரோசின் இரண்டு சதவீதமோ ஃபியூசிடிக் அமிலமோ கிளிண்டாமைசின் ஜெல்லோ, கைக்கு எட்டியது கைமாறிவிடும். தோல் நோய் சிகிச்சையில் இருக்கும் மருத்துவர்கள், செவிலியர்கள், மருந்தாளுநர்கள் சேர்ந்து உங்களுக்கு இதை எழுதுகிறோம். டாக்டரைப் பார்க்க நேரமும் பணமும் இல்லாதவர்கள் முதலில் வருவது உங்களிடம்தான். அதனால்தான் உங்களிடமே கேட்கிறோம்.

மேலே சொன்ன மூன்றும் பாக்டீரியாவை மட்டுமே தாக்கும் மருந்துகள். ஆனால் "புண்" என்று சொல்லி வருபவருக்கு இருப்பது வேறாகவும் இருக்கலாம். நாற்று நட்டுவிட்டு வருபவரின் கால்விரல் இடுக்குச் சேற்றுப்புண் பெரும்பாலும் பூஞ்சை. வட்டமாக, ஓரம் சிவந்து, நடுவில் தெளிந்து அரித்தால் படர்தாமரை, அதுவும் பூஞ்சைதான். உடம்பின் ஒரே பக்கத்தில் பட்டையாகக் கொப்புளித்து எரிகிற அக்கி வைரஸ். அதற்கு வேண்டியது மாத்திரை, அதையும் கொப்புளம் கிளம்பி 72 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. நெற்றியிலோ கண் ஓரத்திலோ அக்கி வந்தவரை அன்றே கண் மருத்துவரிடம் அனுப்புங்கள். இரவில் அரிப்பு கூடுகிறது, வீட்டில் இன்னும் இரண்டு பேருக்கு இருக்கிறது என்றால் சொறிப்பூச்சியை நினையுங்கள். மேலே சீழ் பிடித்த புண்ணை ஆயின்மென்ட் ஆற்றினாலும் பூச்சி தோலுக்குள் அப்படியே இருக்கும்.

கலவைக் களிம்புகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் போன்ற ஸ்டீராய்டோடு ஒரு ஆன்டிபயாட்டிக்கும் ஒரு பூஞ்சைக்கொல்லியும் சேர்த்த டியூப்பைப் பூசினால் மறுநாளே அரிப்பு அடங்கும், சிவப்பு மங்கும். வாங்கியவர் உங்களைக் கைராசிக்காரர் என்பார். உள்ளே நடப்பது வேறு. ஸ்டீராய்டு அந்த இடத்துத் தோலின் எதிர்ப்பை அடக்கிவிடுவதால் பூஞ்சை தடையில்லாமல் பரவும். நிறுத்திய சில நாளில் முன்னைவிட அகலமாகக் கிளம்பும். வட்ட வடிவம் குலைந்து, பார்த்தவுடன் படர்தாமரை என்று டாக்டரே சொல்ல முடியாதபடி உருமாறியிருக்கும். அவர் மறுபடி அதே டியூப்புக்கு வருவார். மாதக்கணக்கில் இப்படிப் போனால் தொடையிடுக்கில் தோல் மெலிந்து வரி வரியாகக் கோடு விழும். அந்தக் கோடு பிறகு போகவே போகாது. 2018ஆம் ஆண்டிலேயே மத்திய அரசு ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றைச் சீட்டில்லாமல் விற்கக்கூடாத மருந்துகளின் பட்டியலான ‘எச்’ அட்டவணையில் (Schedule H) சேர்த்துவிட்டது. அந்த வகை டியூப்புகளைச் சீட்டு இல்லாதவருக்கு ஒன்றுகூடக் கொடுக்காதீர்கள். எங்கள் முதல் வேண்டுகோள் இதுதான். மற்றவை எல்லாம் இதற்குப் பிறகுதான்.

சீட்டோடு வருபவரையும் வெறும் பில்லோடு அனுப்பிவிட வேண்டாம். எவ்வளவு பூச வேண்டும் என்பதைப் பெரும்பாலோர் தெரிந்துகொள்ளாமலே போகிறார்கள். ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம். விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்கு அது போதும். அப்படியானால் ஓர் உள்ளங்கை இடத்துக்கு ஒரு வேளைக்குக் கால் கிராம். தினம் மூன்று வேளை, ஏழு நாள் என்றால் ஐந்து கிராமுக்குச் சற்றே கூடுதல். நீங்கள் கொடுக்கும் ஐந்து கிராம் டியூப்பின் கணக்கே இவ்வளவுதான். புண் அதைவிடப் பெரிதாகவோ பல இடத்திலோ இருந்தால் இன்னொரு டியூப் தீர்வு ஆகாது, உள்ளுக்கு மருந்து தேவைப்படலாம் என்று சொல்லி அனுப்புங்கள்.

பூசும் முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். குழந்தைகளுக்கு வாயோரம், மூக்கோரம் தேன் நிறத்தில் பொருக்குக் கட்டிய சிரங்கு இருந்தால், வெதுவெதுப்பான நீரில் நனைத்த சுத்தமான துணியை ஐந்து பத்து நிமிடம் வைத்து, பொருக்கு ஊறியபின் மெதுவாகத் துடைத்தெடுக்க வேண்டும். பொருக்கின்மேல் பூசிய மருந்து கீழே இறங்காது. "போட்டும் கேட்கவில்லை" என்று வருபவர்களில் பலர் இந்த ஒன்றைத்தான் விட்டிருப்பார்கள். பிறகு மெல்லிய படலமாகப் பூசி, மறுபடி கையைக் கழுவ வேண்டும். டியூப்பின் வாயைப் புண்ணில் தொடக்கூடாது. அந்தக் குழந்தையின் துண்டு, தலையணை உறை தனியாக இருக்கட்டும். நகத்தையும் ஒட்ட வெட்டச் சொல்லுங்கள்.

முபிரோசின் கண்ணில் படக்கூடாது. அதன் ஆயின்மென்ட்டில் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற அடிப்பொருள் இருப்பதால் சிறுநீரகக் கோளாறு உள்ளவரின் பெரிய திறந்த புண்ணுக்கோ தீக்காயத்துக்கோ அது ஆகாது. கிளிண்டாமைசின் ஜெல் முகப்பருவுக்கானது, வெட்டுக்காயத்துக்கு அல்ல. அதைத் தனியாக மாதக்கணக்கில் பூசினால் பருக் கிருமி பழகிவிடும் என்பதால்தான் டாக்டர்கள் பென்சாயில் பெராக்சைடையும் சேர்த்து எழுதுகிறார்கள். இரண்டில் ஒன்று கையிருப்பில் இல்லை என்று மற்றதை மட்டும் கொடுத்து அனுப்பாதீர்கள். பெராக்சைடு துண்டையும் தலையணை உறையையும் வெளுத்துவிடும் என்று ஒரு வார்த்தை சொன்னால், பயந்து பாதியில் நிறுத்த மாட்டார்கள்.

சித்திரை வெயிலில் வரும் வேனல்கட்டிக்குச் சீழ் வெளியேறினால்தான் ஆறும். கட்டிக்குள் இருக்கும் சீழுக்கு மேற்பூச்சு போய்ச் சேராது. வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்லுங்கள், பிதுக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள், மூக்கைச் சுற்றியும் மேலுதட்டிலும் வந்தால் முக்கியமாக.

யாருக்கு டியூப்பே கொடுக்கக்கூடாது என்பதையும் எழுதிவிடுகிறோம். சர்க்கரை நோயாளியின் காலில் எந்தப் புண்ணானாலும் அன்றே மருத்துவமனைக்கு. பழனிப் பாதயாத்திரைக் காலத்தில் கொப்புளத்துக்கு மருந்து கேட்டு நிற்பவரிடம் முதல் கேள்வி "சுகர் இருக்கா?" என்பதாக இருக்கட்டும். புண்ணைச் சுற்றிச் சிவப்பு பரவி, தொட்டால் சுட்டு, காய்ச்சலும் இருந்தால் தொற்று தோலுக்கடியில் இறங்கிவிட்டது என்று பொருள். சிவப்பின் ஓரத்தில் பேனாவால் கோடு போட்டு அனுப்புங்கள்; கோட்டைத் தாண்டுகிறதா என்பது அங்கே பார்ப்பவருக்கு உதவும். சிரங்கு ஆறி மூன்று வாரம் கழித்துக்கூட ஒரு குழந்தைக்கு முகம் வீங்கி, சிறுநீர் காப்பி நிறத்தில் போனால், அது சிறுநீரகத்தைத் தொட்டிருக்கலாம். காத்திருக்கக்கூடாது.

டியூப்பை டிவி மேலும் பைக் பெட்டியிலும் வைப்பவர்கள் உண்டு. நம் ஊர் மே மாதச் சூட்டில் அது உருகிப் பிரியும். மீந்ததை அடுத்த பிள்ளைக்குப் பூசுவதையும் தடுங்கள்.

கடைசியாக, கவரின்மேல் மூன்று விஷயம் எழுதிக் கொடுங்கள்: தினம் எத்தனை வேளை, எந்தத் தேதியில் நிறுத்துவது, எந்தத் தேதிக்குள் குறையாவிட்டால் டாக்டரிடம் போவது. டாக்டர் வேறு சொல்லாதவரை முபிரோசினுக்கு மூன்று வேளை, பத்து நாளுக்கு மேல் வேண்டாம், ஐந்தாம் நாளும் அப்படியே இருந்தால் மறுபடி காட்ட வேண்டும். "அஞ்சு நாள்" என்று எழுதாமல் தேதியாகவே எழுதுங்கள். படிக்கத் தெரியாதவருக்குக் கிழமையை வாயாலும் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
தோல் நோய் சிகிச்சையில் பணிபுரியும் உங்கள் ஊர்க்காரர்கள்